மணி அடித்த பிறகும் அரை மணி நேரம்

மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டது. என் மகளின் வாய் நிற்கவில்லை.

எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அந்தி நேர மஃரிப் தொழுகையைத் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். சமீரா தரையில் அமர்ந்து மதரஸாவில் கொடுத்த பாடத்தை ஓதிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. விரல் எழுத்தின் மேல் ஊர்ந்து போனது. குரல் நன்றாக இருந்தது. மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் என்னை எங்கே பார்த்தாலும், "ஒம்ம மவ ஓதுறதக் கேட்டா மனசு நெறயுது காஜா பாய்" என்பார்.

நான் அந்த நேரம் ஓதலைக் கேட்கவில்லை, மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது என்றைக்காவது கழன்று விழும் என்று எனக்கு ஒரு பயம். எனக்கு இப்படிப் பல பயங்கள் உண்டு. மேலே பார்த்துவிட்டுக் கீழே பார்த்ததால்தான் புரண்ட பக்கம் கண்ணில் பட்டது.

இரண்டு பக்கம் தள்ளிப் போயிருந்தது. விரல் புதுப் பக்கத்தில் அதே வேகத்தில் நகர்ந்தது. வாய் பழைய பக்கத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

என் அடிவயிற்றில் ஒரு முடிச்சு விழுந்தது. அந்த முடிச்சு எனக்குப் பழக்கமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். குடும்பம் மேலப்பாளையத்திலிருந்து வந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்தக் கட்டுரையைப் போனில் பேசிப் பேசித்தான் எழுத்தாக்கினேன். பிறகு பல நாள் விரல் வைத்து வாசித்துத் திருத்தினேன். உங்கள் வீட்டிலும் வாசிக்க வராத ஒரு பிள்ளை இருந்தால் இது உங்களுக்குத்தான். ஆறுதல் எதிர்பார்க்காதீர்கள். என்னிடம் இருப்பது கோபம்.

அன்றைக்கு ஜீனத்திடம் சொன்னேன். ஜீனத் என் மனைவி.

"மனப்பாடமா ஓதுதா. அது நல்லதுதான? எல்லாத்துக்கும் பயந்து சாவாதீங்க."

"பள்ளிக்கூடப் பொஸ்தகத்த எடுத்துட்டு வரச் சொல்லு."

சமீரா எடுத்து வந்தாள். இங்கிலீஷ் பாடம். படத்தில் ஒரு நாயும் ஒரு கிணறும் இருந்தன. சமீரா கடகடவென்று கதையைச் சொன்னாள். நான் படத்தைக் கையால் மூடினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து முழுவதும் திறந்துதான் இருந்தது. ஒரு சொல் வரவில்லை.

இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். ஒரு ஆசிரியர்கூடப் படத்தை மூடிப் பார்க்கவில்லை.

வகுப்பு மிஸ்ஸிடம் போனோம். சோம்பேறித்தனம் என்றார். டியூஷனில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். டியூஷன் மிஸ் எங்கள் தெருக்காரர்தான், தமிழ்க்காரர். ஒரு மாதம் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"வீட்ல தமிழ், தெருவுல இந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ், அங்கயே மராட்டி, மதரஸாவுல அரபி. மண்டையில எவ்வளவு ஏறும் சொல்லுங்க? ஒண்ணக் கழிச்சு விடுங்க. வீட்ல தமிழ் பேசாதீங்க."

கழிக்கக்கூடியதாக எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கட்டாயம்.

ஜீனத் மட்டும் கேட்டாள். "எனக்கு இந்தியில வெல கேக்கத் தெரியும், சண்ட போடத் தெரியும். கொஞ்சத் தெரியாதே."

மிஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். படித்தவர் சொல்லும்போது சிரித்துத் தலையாட்டுவது எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே பழக்கம்.

மறுநாளிலிருந்து வீட்டில் தமிழை நிறுத்தினோம். நானும் ஜீனத்தும் எங்களுக்குள் பேச வேண்டுமென்றால் வாசலுக்குப் போய்க் கிசுகிசுத்தோம். மகளிடம் என் பட்டறை இந்தியில் வா, சாப்பிடு, தூங்கு என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் இந்தி இல்லை. அவள் தமிழில் ஏதாவது தொடங்கினால் உதட்டில் விரலை வைத்து, "டியூஷன் மிஸ்" என்பேன். சில வாரத்தில் தொடங்குவதையும் விட்டுவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. முன்னேற்றம் என்று நினைத்தோம்.

இந்த ஒரு வருடத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மிஸ்ஸை அல்ல. என்னை.

மூன்றாம் வகுப்பு டிசம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. தலைமை ஆசிரியை மேசை மேல் சமீராவின் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். எழுத்துகள் கோட்டை விட்டு மேலும் கீழும் கிடந்தன. பாதி திரும்பியிருந்தன.

"நல்ல பொண்ணுதான். ஆனா நாங்க ஸ்கூல் ரிசல்ட்டையும் பாக்கணும் இல்லையா?" என்றார் இந்தியில். "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்து சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க. இருந்தா சலுகை குடுத்து வெச்சிருப்போம். ஏப்ரல் ரிசல்ட்டுக்குள்ள வரலைன்னா, டி.சி. வாங்கிட்டுப் போறதுதான் குழந்தைக்கு நல்லது."

டி.சி. என்றால் பள்ளியை விட்டு விலக்கும் சான்று. குழந்தைக்கு நல்லதாம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என்ன சர்ட்டிபிகேட் என்று அன்றுதான் தெரிந்தது. டிஸ்லெக்சியா (கண்ணால் பார்க்கும் எழுத்தையும் காதால் கேட்கும் ஒலியையும் மூளை எளிதாக இணைக்க முடியாத நிலை, பிறவியிலேயே இருப்பது, அறிவுக் குறைவு அல்ல). இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூன்று வரியை யாராவது ஒருவர் இரண்டு வருடம் முன்னால் எங்களிடம் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நீளமாக, பச்சைச் சுவரோடு இருக்கும். இரும்பு பெஞ்ச். பெஞ்சில் இடம் இல்லாதவர்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். முதலில் கண், பிறகு காது, பிறகு குழந்தை மருத்துவர், பிறகுதான் மனநலப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். பட்டறை முதலாளி ஷேட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிப்ரவரியில் ஐ.க்யூ. சோதனை (கேள்வி, புதிர், கட்டை அடுக்குதல் வழியாக அறிவுத்திறனை அளப்பது) நடந்தது. கேட்டவர் ஒரு இளம் பெண். கேள்வி இந்தியில், இடையிடையே இங்கிலீஷில்.

வெளியே வந்த சமீராவிடம் "கைசா ஹுவா?" என்று கேட்டேன். எப்படி இருந்தது என்று இந்தியில். தோளைக் குலுக்கினாள்.

பத்து நாள் கழித்து டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார். அறிவுத்திறன் எல்லைக்கோட்டில் (சராசரிக்கும் குறைபாட்டுக்கும் நடுவில்) இருக்கிறதாம். "அறிவு சரியா இருந்தும் வாசிக்க வராதவங்களுக்குத்தான் இந்த சர்ட்டிபிகேட். உங்க குழந்தைக்குப் பொதுவாவே கம்மியா இருக்கு. அதனால குடுக்க முடியாது. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க, மறுபடி பாக்கலாம்."

அடுத்த வருடம் அவளுக்குப் பள்ளிக்கூடமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று தமிழில் ஏசினேன். யாரை என்று தெரியாது. சுவரை. வரிசையில் மகனோடு நின்ற ஒரு தமிழ் அம்மா திரும்பிப் பார்த்தார். "சத்தம் போட்டு என்ன ஆகும்? சனிக்கிழமை மாட்டுங்காவுக்குப் போங்க" என்று என் போனில் ஒரு முகவரியைப் பேசிப் பதிந்து கொடுத்தார்.

மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடி. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான சங்கம். பதினைந்து பேர் இருந்தார்கள், பெரும்பாலும் அம்மாக்கள். ஆபீஸ் போகிறவர்களின் கைப்பைகள். அந்தத் தையலை எந்தப் பட்டறையில் போட்டிருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியும். ஆண் என்று நான் ஒருவன். என் விரலில் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசம் போயிருக்கவில்லை.

ஒருவர் எழுந்து, உலகத்தின் பெரிய பெரிய மேதைகளுக்கெல்லாம் இது இருந்திருக்கிறது, ஆகவே கவலை வேண்டாம் என்று பேசினார். எல்லோரும் புன்னகைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகள் மேதையாக வேண்டாம். நாலாம் வகுப்புக்குப் போக வேண்டும். மேதை ஆனால்தான் மன்னிப்பு என்றால், சாதாரணமாக இருக்கிற பிள்ளை எங்கே போய் நிற்கும்?

பேச்சு முடிந்ததும் சங்கத்தை நடத்தும் மீனாட்சி அம்மா என்னிடம் வந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகனுக்கும் இதே நிலை. அந்த மகன் இப்போது வளர்ந்து லிப்ட் ரிப்பேர் பார்க்கிறார்.

"வாங்கோ, உக்காருங்கோ. இதை மட்டும் பூர்த்தி பண்ணிடுங்கோ."

"என்னது இது?"

"சும்மா, குழந்தையப் பத்தின விவரம். அஞ்சு பக்கம்தான்."

முழுக்க இங்கிலீஷ். சின்னச் சின்ன எழுத்து. மூன்று மாதமாகத் தலையாட்டியதெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"ஏம்மா, இது வாசிக்க வராதவங்களுக்கான சங்கம்தான? உள்ள வரதுக்கே அஞ்சு பக்கம் எழுதணுமா? நடக்க வராதவன, ரெண்டு மாடி ஏறி வந்து சக்கர நாற்காலி வாங்கிக்கோன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு."

ஒருவர் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"பன்னெண்டு வருஷமா இந்த ஃபாரத்தக் குடுத்துண்டிருக்கேன்," என்றார் மீனாட்சி அம்மா. "ஒருத்தர்கூடச் சொன்னதில்லை."

"சொல்ல வேண்டியவங்க படி எறங்கிப் போயிருப்பாங்க."

மீனாட்சி அம்மா ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஐந்து பக்கத்தையும் புரட்டி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தார். பேனாவைத் திறந்து, முதலில் பெயரும் வயதும் கேட்டு எழுதினார். "நீங்க சொல்லுங்கோ, நான் எழுதிக்கறேன். குழந்தை எந்த பாஷையில சண்டை போடுவா?"

இப்படி ஒரு கேள்வியை எந்த டாக்டரும் கேட்டதில்லை.

"சண்டையே போடுறதில்ல."

"ஒன்பது வயசு ஆகப் போறது, சண்டை போட மாட்டாளா? முன்னாடியும் இப்படித்தானா?"

"முன்னாடி நல்லாப் போடுவா. தமிழ்ல."

"இப்போ?"

சொன்னேன். தமிழை நிறுத்தியதை, உதட்டில் விரல் வைத்ததை, வாசலில் போய்க் கிசுகிசுத்ததை, ஆஸ்பத்திரிச் சோதனையில் அறிவு கம்மி என்று வந்ததை. சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் நெடுநேரம் துடைத்தார்.

"சோதனைய எந்த பாஷையில வெச்சா?"

"இந்தியில."

"அப்போ அவா அளந்தது அவ அறிவை இல்லை. நீங்க பண்ணின காரியத்தை." இதைச் சொல்லும்போது அவர் குரலில் இரக்கம் இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. "அஞ்சு பாஷைனால டிஸ்லெக்சியா வராது. ஒரு பாஷையப் பிடுங்கினா போகவும் போகாது. இன்னிக்கே ஆத்துக்குப் போய் அவளத் தமிழ்ல நன்னா ஒரு திட்டுத் திட்டுங்கோ. பதிலுக்கு என்ன திட்டறான்னு எங்கிட்ட வந்து சொல்லுங்கோ."

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வீடு வரை நடந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சொந்த மகளோடு சொந்த மொழியில் பேச ஒத்திகை பார்த்த தகப்பன் நான்.

வாசலில் அவள் செருப்பு கிடந்தது.

"ஏ புள்ள சமீரா. செருப்ப இப்படி நடு வாசல்ல போட்டா, வாரவுக தடுக்கி விழ மாட்டாவளா?"

சமீரா தன் உம்மாவைப் பார்த்தாள். ஜீனத் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"வாப்பா, தமிழ்ல பேசுதீங்க."

"ஆமா."

"மிஸ்ஸு ஏசுவாவ."

"ஏசட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஒங்க செருப்பு மட்டும் எங்கன கெடக்காம்?" என்றாள்.

என் செருப்பு அவள் செருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஜீனத் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

சாப்பிடும்போது சமீரா பேசத் தொடங்கினாள். ஒரு வருடத்துப் பேச்சு. யார் யாரைக் கிள்ளினார்கள், மதரஸாவில் எந்தப் பூனை குட்டி போட்டது, மழை நாளில் வகுப்பு மிஸ்ஸின் குடை எப்படிப் புரண்டது. சோறு ஆறிப்போனது. நடுவில் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஒரு வருசமா எம்மேல கோவமா இருந்தீங்களா வாப்பா?"

"யாரு சொன்னா?"

"நீங்க பேசவே மாட்டீங்களே. வா, சாப்புடு, தூங்கு. அவ்வளவுதான?" தண்ணீர் குடித்துவிட்டு மேலும் சொன்னாள். "அந்த ஆஸ்பத்திரி அக்கா கேட்டதெல்லாம் எனக்குத் தெரியும். தமிழ்ல சொல்லலாமான்னு கேக்கப் பயமா இருந்துச்சு."

மிஸ்ஸின் குடை எப்படிப் புரண்டது என்று மறுபடி சொல்லச் சொன்னேன்.

திங்கட்கிழமை மீனாட்சி அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொல் வழிக் கேள்விகளைக் குழந்தையின் மொழியில் கேட்கவில்லை, ஆகவே அந்த எண்ணை நம்ப முடியாது என்று அவர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். டாக்டர் களைத்திருந்தார். கெட்டவர் அல்ல. அதுவும் எனக்குக் கோபம்தான். கெட்டவராக இருந்தால் ஏச வசதியாக இருந்திருக்கும்.

"ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைங்க வருதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியாது டாக்டர். எனக்கு ஒண்ணுதான்."

என் இந்தியில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு, வேறு கேள்வித் தொகுதியை வைத்து, தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க, மூன்று வாரத்தில் மறுபடி பார்ப்பதாக எழுதினார். அது ஏப்ரல் முதல் வாரம். பள்ளிக்கூட ரிசல்ட்டுக்கு முன்னால்.

அந்த மூன்று வாரமும் சனிக்கிழமைகளில் சமீராவை மாட்டுங்காவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே எழுத்தைத் தொட்டு, ஒலியைச் சொல்லி, மணலில் வரைந்து கற்றுக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் எழுத்துகளும் இருந்தன. ஆங்கிலத்துச் சின்ன 'பி'யும் சின்ன 'டி'யும் ஒரே கோல், ஒரே வயிறு. வயிறு எந்தப் பக்கம் என்பதுதான் வித்தியாசம். பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வழவழப்பு. புரட்டினால் அது இதுவாகிவிடும். சமீரா புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. பட்டறையில் அட்டையில் வெட்டிய அளவு அச்சை ஃபர்மா என்போம். தோலின் மேல் ஃபர்மாவை ஒருமுறை வைத்து வெட்டினால் பையின் இடது பக்கத் துண்டு. அதையே புரட்டி வைத்து வெட்டினால் வலது பக்கத் துண்டு. எந்த உருவத்தையும் மனத்தில் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவன்தான் கட்டிங் மாஸ்டர். எனக்குச் சம்பளமே அதற்குத்தான். அதே காரியத்தைக் காகிதத்தில் செய்தால் மட்டும் குற்றம்.

அடுத்த நாள் பட்டறையில் மிஞ்சிய தோலில் எழுத்துகளை வெட்டினேன். தோலுக்கு மேல்பக்கம் வழவழப்பு, அடிப்பக்கம் சொரசொரப்பு. வழவழப்பு மேலே இருந்தால் எழுத்து நேர். சொரசொரப்பு விரலில் பட்டால் புரண்டு கிடக்கிறது என்று அர்த்தம். கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது.

சமீரா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். தடவினாள். "இது புரண்டு கெடக்கு" என்று திருப்பி வைத்தாள். "இப்ப சரி. இது 'பி'."

மீனாட்சி அம்மா தானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். "எனக்கு இன்னும் பத்து செட் வேணும்" என்றார். உடனே விரலையும் உயர்த்தினார். "ஆனா இது மருந்து இல்லை, கேட்டேளா? எழுத்து நேரா நின்னாலும் ஒலியோட சேரணும். அதுக்கு வருஷக்கணக்கு ஆகும். இது போகிற வியாதியும் இல்லை. இதோட வாழப் பழகறதுதான்."

மறு சோதனை அன்று இரண்டு மணி நேரம் தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே சமீரா, இளம் பெண், மீனாட்சி அம்மா. எனக்குள் எல்லாப் பயங்களும் வரிசையில் நின்றன. கரண்ட் போய்விடும். மீனாட்சி அம்மாவின் மாட்டுங்காத் தமிழ் என் மகளுக்குப் புரியாது. உண்மையிலேயே அவளுக்கு அறிவு குறைவு, நான்தான் ஏற்க மறுக்கிறேன். கடைசிப் பயத்தை ஜீனத்திடம்கூடச் சொன்னதில்லை.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சமீராவின் குரல் கேட்டது. "அப்படி இல்ல, நீங்க தப்பாச் சொல்லுதீங்க" என்று யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இடம் இருந்ததா, யாராவது நகர்ந்து கொடுத்தார்களா, நினைவில்லை.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. அறிவுத்திறன் சராசரிக்குச் சற்று மேலே. வாசிப்பு முதல் வகுப்பு நிலையில். டிஸ்லெக்சியா, கூடவே டிஸ்கிராஃபியா (நினைப்பதைக் கையால் எழுத்தாக்குவதில் தடுமாற்றம்). டாக்டர் சர்ட்டிபிகேட்டில் முத்திரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்காவது வாசிக்கிறதுல கஷ்டம் உண்டா? இது குடும்பத்துல வரும்."

ஜீனத் என்னைப் பார்த்தாள்.

ஏழாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தைப் பக்கத்துப் பையன் முதலில் வாசிப்பான். அதைக் காதில் வாங்கி, என் முறை வரும்போது விரலை ஓட்டி ஒப்பிப்பேன். ஒருநாள் வாத்தியார் வேண்டுமென்றே பக்கத்தை மாற்றினார். விரல் ஓடியது, வாய் பழைய பக்கத்தைச் சொன்னது. வகுப்பே சிரித்தது. வாத்தியார் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தார். மணி அடிக்கும்வரை அடித்தார். அன்றைக்கு அடிவயிற்றில் விழுந்த முடிச்சுதான் அது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

"எனக்கு இருந்துச்சு டாக்டர்," என்றேன். "எனக்கும் ஒரு சர்ட்டிபிகேட் கெடைக்குமா?"

"உங்களுக்கு எதுக்கு இப்போ?"

"எங்க வாத்தியார்ட்ட காட்டணும்."

டாக்டர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தேன். தேர்வில் அரை மணி நேரம் கூடுதல், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டலாம். தலைமை ஆசிரியை இரண்டு முறை படித்தார்.

"மத்த பேரன்ட்ஸும் இதையே கேட்டா நான் என்ன சொல்றது?"

"கண்ணாடி போட்ட பிள்ளையப் பாத்து, எங்க பிள்ளைக்கும் ஒரு கண்ணாடி குடுங்கன்னு எவரும் வந்ததில்லையே மேடம்."

இந்த முறை நான் தலையாட்டவில்லை. அவர் கோப்பில் வைத்தார். சமீரா நாலாம் வகுப்புக்குப் போனாள்.

இப்போது சங்கத்தில் ஃபாரம் கிடையாது. போனில் ஒரு குழு உண்டு. அதில் யாரும் எழுதக் கூடாது, பேசித்தான் அனுப்ப வேண்டும். டோம்பிவிலியிலிருந்து ஒருவர் ரயிலில் தொங்கிக்கொண்டே பேசுவார். பாதி அவர் குரல், பாதி ஸ்டேஷன் அறிவிப்பு. பாண்டுப்பிலிருந்து ஒரு பெண், மகனை மாமியார் மந்தம் என்று சொல்கிறார், என்ன பதில் சொல்ல என்று கேட்டார். தோல் எழுத்தை மாமியார் கையில் கொடுத்துக் கண்ணை மூடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் அவர் அனுப்பியதில் வெறும் சிரிப்புதான் இருந்தது.

இதை வாசித்துக்கொண்டோ, யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டோ இருக்கும் உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். படத்தை மூடிப் பாருங்கள். பிள்ளை நன்றாகப் பேசும் மொழி எதுவோ அதில்தான் சோதனை வேண்டும் என்று நின்று கேளுங்கள். யார் சொன்னாலும் வீட்டு மொழியைப் பிள்ளையிடமிருந்து எடுக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தலையாட்டாதீர்கள்.

அக்டோபரில் அரையாண்டுத் தேர்வு. பட்டறையில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். மணி அடித்தது. எனக்கு வழக்கம்போல அடிவயிறு இறுகியது. நாற்பத்தொரு வயதிலும் பள்ளிக்கூட மணி கேட்டால் விரல் முட்டி தானாக மடங்கும். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். ஆட்டோக்கள், குடைகள், அம்மாக்கள். கால் மணி நேரத்தில் வாசல் காலியானது. என் மகள் வரவில்லை.

ஜீனத் போன் செய்தாள். "வந்துட்டாளா?"

"இல்ல."

"எல்லாப் பிள்ளையளும் போயிட்டாவளா?"

"போயாச்சு. இவளுக்கு நேரம் இன்னும் முடியல."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. வாசல் கம்பி மேல் வைத்திருந்த கையைப் பார்த்தேன். விரல்கள் நீண்டு கிடந்தன. வயிற்றில் அந்த முடிச்சைத் தேடினேன், அது அங்கே இல்லை. நாளைக்குத் திரும்பி வரலாம். அந்த நேரத்தில் இல்லை.

சமீரா தனியாக, ஆடி அசைந்து மைதானத்தைக் கடந்து வந்தாள். பையைத் தோளில் மாட்டவில்லை, இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன புள்ள, நேரம் பத்துச்சா?"

"அஞ்சு நிமிசம் மிச்சம் இருந்துச்சு வாப்பா."

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. சும்மா உக்காந்திருந்தேன்."